194.5 கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கிண்டியில் இடம் கிடைக்குமா?

இராஜபாளையத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ்வழியில் பிளஸ் 2 முடித்திருக்கிறார். கணிதத்தில் 98, இயற்பியலில் 97, வேதியியலில் 96, வகுப்பு பிற்படுத்தப்பட்டோர். கிண்டி பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பு) படிக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அது கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அதே வளாகத்தில் வேறு துறை எடுப்பது நல்லதா, தமிழ்வழி சிவில் எடுத்தால் பிழைப்புக்கு வழியிருக்காது என்று உறவினர்கள் சொல்வது சரியா, விருப்பப் பட்டியலில் நிறையக் கல்லூரிகளைப் போட்டால் வாய்ப்பு குறையும் என்று ஒருவர் எச்சரித்தது உண்மையா என்று நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். நானும் தமிழ்வழியில் படித்துவிட்டு அந்த வளாகத்துக்குள் நுழைந்தவன். பல ஆண்டுகளாகப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு நாட்களில் மாணவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்து வருபவன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். மகளையும் உடன் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 98-உடன் இயற்பியலின் பாதி 48.5, வேதியியலின் பாதி 48 சேர்ந்து உங்கள் மகளின் கட்-ஆஃப் 200-க்கு 194.5. இது நல்ல மதிப்பெண். ஆனால் கிண்டியில் இ.சி.இ.க்கு இது போதாது. அந்தத் துறை பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் ஆண்டுதோறும் இதைவிடத் தெளிவாக மேலேயே முடிந்துவிடுகிறது. சி.எஸ்.இ. (கணினி அறிவியல்), ஐ.டி. (தகவல் தொழில்நுட்பம்) ஆகியவற்றின் நிலையும் அதுதான். அதே கிண்டி வளாகத்தில் வேறு துறைகளுக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) மின்னணுவியலை ஒட்டிய துறைகளுக்கும் மெய்யான வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தரவரிசைப் பட்டியல் வெளியான அன்றே நீங்களே கணக்கிட்டுவிட முடியும். எப்படி என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் தவறான எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

அந்தத் தவறான எண் கட்-ஆஃப் மதிப்பெண்தான். "போன வருடம் 194-க்குக் கிடைத்ததாம், நமக்கு 194.5 இருக்கிறதே" என்ற பேச்சு ஒவ்வொரு ஜூலையிலும் எல்லா ஊர்களிலும் கேட்கிறது. கலந்தாய்வில் இடத்தைத் தருவது மதிப்பெண் அன்று, தரவரிசை எண். ஒரே மதிப்பெண் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தரவரிசையைத் தரும். 200-க்கு 200 எடுத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்: 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தால் அதற்கு நாலைந்து மதிப்பெண் கீழே, கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில், எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2024-இல் தரவரிசைப் பட்டியலில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2025-இல் அது ஏறத்தாழ 2.4 லட்சமாக உயர்ந்தது. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 194.5 என்பது கூட்டத்தின் நடுவில் நிற்கும். கடினமாக அமைந்த ஆண்டில் அதே எண் உங்களைப் பல படிகள் மேலே தூக்கிவிடும்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. கணிதம் முழுதாக 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் எடுத்துக்கொள்ளப்படுவதால் கட்-ஆஃப் அரை மதிப்பெண் அளவில்தான் ஏறி இறங்குகிறது. 200-இலிருந்து 190 வரை மொத்தம் 21 படிகளே உள்ளன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அந்த 21 படிகளில்தான் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 2006 வரை நுழைவுத்தேர்வு இருந்தபோது அத்தேர்வின் 100 மதிப்பெண்ணும் சேர்ந்து 300-க்குக் கணக்கிடப்பட்டதால் மாணவர்கள் இன்னும் பரவலாக நின்றார்கள். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளும் பயிற்சி மையத்துக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளைகளும் அதனால் பெற்ற நன்மை பெரிது, அதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு அரை மதிப்பெண்ணின் எடை பல மடங்கு கூடிவிட்டது என்பதையும் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களுக்குள் யார் முன்னால் என்பதை முதலில் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும், அதற்கடுத்து நான்காவது பாடமும் தீர்மானிக்கின்றன. எல்லாமே சமமாக இருந்தால் மூத்தவருக்கு முன்னுரிமை, அதிலும் சமம் என்றால் சமவாய்ப்பு எண், அதாவது கணினி குலுக்கல் முறையில் தருகிற எண். எனவே உங்கள் மகள் 194.5 எடுத்தவர்களிலேயே கணிதத்தில் 100-உம் 99-உம் வாங்கியவர்களுக்குப் பின்னால் நிற்பார். 97-உம் அதற்குக் கீழும் வாங்கியவர்களுக்கு முன்னால் நிற்பார். சமவாய்ப்பு எண் பெரிதாக வரவில்லையே என்று பல வீடுகளில் வருந்துகிறார்கள். அது வேலைக்கு வருவது எல்லாப் படிகளும் சமமான பின்னர்தான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். தரவரிசைப் பட்டியல் வெளியானதும் உங்கள் மகளின் பொதுத் தரவரிசை, வகுப்புத் தரவரிசை இரண்டும் தெரிந்துவிடும். பொதுத் தரவரிசையை ஒரு பக்கம் குறித்து வைத்துவிட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுத் தரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுப் பட்டியலில் அதே பிரிவுத் தரவரிசையில் நின்ற மாணவரின் கட்-ஆஃப் என்னவென்று பாருங்கள். உதாரணத்துக்கு, வெறும் கணக்குக்காக மட்டும், மகளின் பிரிவுத் தரவரிசை 2,400 என்றும் சென்ற ஆண்டில் 2,400-ஆவது இடத்தில் நின்றவரின் கட்-ஆஃப் 193 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்த ஆண்டின் 194.5-க்குச் சென்ற ஆண்டு மதிப்பில் 193 என்று பொருள். கல்லூரிவாரியாக, துறைவாரியாக, வகுப்புவாரியாகச் சென்ற ஆண்டில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைக் கலந்தாய்வு இணையதளமே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலை 194.5-ஐக் கொண்டு அல்லாமல் 193-ஐக் கொண்டு படிக்க வேண்டும். இதே கணக்கை முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளுக்கும் போட்டுப் பாருங்கள். எல்லா ஆண்டுகளிலும் உங்கள் எண்ணுக்குக் கீழே முடிந்த துறை ஏறத்தாழ உறுதி. சில ஆண்டுகளில் மேலேயும் சில ஆண்டுகளில் கீழேயும் முடிந்தது, முயன்று பார்க்க வேண்டிய துறை. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் முடிகிற வேலை. இதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வகுப்புவாரி ஒதுக்கீடு எப்படி இயங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு போக 31 விழுக்காடு பொதுப் போட்டிக்கு உரியது. அந்த 31 விழுக்காடு எந்த ஒரு சாதிக்கும் தனியாக உரியதன்று. எல்லாரும் அதில் போட்டியிடலாம். ஒரு மாணவரின் முறை வரும்போது அவர் கேட்ட துறையில் பொதுப் போட்டி இடம் இருந்தால் அது முதலில் வழங்கப்படும்; அது தீர்ந்திருந்தால்தான் அவருடைய வகுப்புக்குரிய இடம் பார்க்கப்படும். 60 இடங்கள் கொண்ட ஒரு துறையில் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காடு என்பது சுமார் 16 இடங்கள். ஆனால் அந்த வகுப்பில் உயர் மதிப்பெண் பெற்றவர்கள் பொதுப் போட்டி இடங்களிலேயே அமர்ந்துவிடுவதால் அந்த 16 இடங்களும் அவர்களுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களுக்குக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இந்தப் பிரிவில் எண்ணிக்கையும் போட்டியும் மிக அதிகம் என்பதால் பொதுப் போட்டிக்கும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கும் இடையேயான இடைவெளி பலர் நினைப்பதுபோல அகலமானதன்று. நிரந்தரச் சாதிச் சான்றிதழை உரிய முறையில் பதிவேற்றாவிட்டால் மாணவர் பொதுப் போட்டியில் மட்டுமே கருதப்படுவார். பதிவேற்றியதோடு நிறுத்திவிடாமல், சரிபார்ப்பில் அது ஏற்கப்பட்டதா என்பதையும் கணக்கினுள் நுழைந்து பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது உரியது. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஒரே தெருவில், ஒரே வறுமையில், ஒரே பாடப்புத்தகத்தைப் படித்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தக் கதவு திறந்திருப்பதும் மற்றவருக்கு மூடியிருப்பதும் எனக்கு மனவருத்தம் தருகிற செய்தி. உதவி பெறும் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகளே பெரும்பாலும் படிக்கிறார்கள் என்பது தென் மாவட்டங்களை அறிந்த எவருக்கும் தெரியும். எனினும் இன்றைய விதி அதுவாக இருக்கும்போது, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் தவறுதலாகக் குறித்துவிட வேண்டாம். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணச் சலுகை அதைப் பொறுத்தது.

அடுத்து, மறுமதிப்பீடு. இயற்பியலில் 97-உம் வேதியியலில் 96-உம் வாங்கிய மாணவிக்கு விடைத்தாள் நகலைக் கேட்டுப் பெறுவது வீண் செலவன்று. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் முழுதாக ஒன்று உயரும். மற்ற இரண்டிலும் அரை உயரும். 21 படிகளில் இரண்டு படி மேலேறுவது எத்தனை நூறு பேரைத் தாண்டுவதாகும் என்பதை மேலே சொன்ன கணக்கிலேயே பார்த்துவிடலாம். கூட்டல் பிழையோ திருத்தப்படாத பகுதியோ இருக்கிறதா என்று பாட ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, காரணம் இருந்தால் மட்டும் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போங்கள். அதற்குரிய நாட்கள் மிகக் குறைவு. மதிப்பெண் மாறினால் அது தரவரிசைப் பட்டியல் தயாராவதற்கு முன்னரே கலந்தாய்வுப் பதிவில் சேர்ந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி: இ.சி.இ. கிடைக்காவிட்டால் கிண்டியிலேயே வேறு துறை எடுக்கலாமா? இதற்கு விடை சொல்வதற்கு முன், "அண்ணா பல்கலைக்கழகம்" என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருப்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றில் படித்தாலும் பட்டம் அதன் பெயரில்தான் வரும். திருச்சி, கோவை, மதுரை, திருநெல்வேலி முதலிய இடங்களில் அதன் உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் இருக்கின்றன. ஆனால் மக்கள் மதித்துப் பேசுவது சென்னையில் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் வளாகக் கல்லூரிகளைத்தான். கலந்தாய்வுக் குறியீட்டில் கிண்டி 1, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. பட்டியல் போடும்போது பெயரைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். மண்டல வளாகத்தைச் சென்னை என்று எண்ணி முதலில் போட்டுவிட்டுப் பிறகு கண்கலங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிண்டி வளாகத்தில் சி.எஸ்.இ., ஐ.டி., இ.சி.இ. மூன்றும் முதலில் நிரம்பும். அவற்றுக்கடுத்து இ.இ.இ. (மின் மற்றும் மின்னணுவியல்) நிரம்பும். உங்கள் மகளுக்கு அது கடினமான எல்லையில் இருக்கிறது. கடினமான வினாத்தாள் வந்த ஆண்டாக இது அமைந்தால் தொட்டுவிடலாம், எளிதான ஆண்டென்றால் கைக்கு எட்டாது. மெக்கானிக்கலும் பயோமெடிக்கலும் முயன்று பார்க்க வேண்டிய வரிசையில் வருகின்றன. சிவில், உற்பத்தியியல், தொழிலகப் பொறியியல், பொருளறிவியல், சுரங்கவியல், அச்சு மற்றும் சிப்பத் தொழில்நுட்பம், வேளாண் மற்றும் பாசனப் பொறியியல், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் ஆகியவற்றில் நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம். இவற்றில் சிலவற்றின் பெயரைக் கேட்டதும் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அன்று சங்கிலியை வைத்து நிலம் அளக்கக் கற்றுக் கொடுத்த நிறுவனம் இன்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்நிலைகளையும் நகர வளர்ச்சியையும் அளக்கக் கற்றுக் கொடுக்கிறது. நிரலெழுத விரும்புகிற ஒரு பிள்ளைக்கு அந்தத் துறையில் நிரலெழுதும் வேலையே நிறைய உண்டு. பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்களுக்கெல்லாம் பொதுவான வேலைவாய்ப்பு மையம் இருப்பதும், எல்லாத் துறையினரையும் எழுத்துத் தேர்வுக்கு அனுமதிக்கும் நிறுவனங்கள் பல அங்கே வருவதும் துறையின் பெயரால் வரும் குறையைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. மின்னணுச் சில்லு வடிவமைப்பு போன்ற வேலைகளுக்கு வருகிற நிறுவனங்கள் மட்டும் இ.சி.இ., இ.இ.இ. மாணவர்களையே கேட்கும்.

எனவே மகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். அவர் விரும்புவது கிண்டி என்ற வளாகத்தையா, மின்னணுவியல் என்ற பாடத்தையா? இரண்டையும் சேர்த்தே விரும்புகிறார் என்பது எனக்குத் தெரியும்; இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை விடுவார் என்பதே கேள்வி. நான்கு ஆண்டுகள் அந்தப் புத்தகங்களோடு உட்காரப்போவது அவர்தான். பாடமே முக்கியம் என்றால் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையை மேலே வையுங்கள், அங்கே இ.சி.இ.யும் உண்டு, கிண்டியைவிடச் சற்றுக் கீழே முடியும், ஆனாலும் 194.5-க்கு அது எட்டினால் நல்வாய்ப்பு என்றுதான் கொள்ள வேண்டும். 1949-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்த இடம். தரத்தில் கிண்டிக்குக் குறைந்ததென்று யாரும் சொல்ல முடியாது. அதற்கடுத்து மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ., கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இ.சி.இ., கோவையிலேயே பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகிய கல்லூரிகளின் அதே துறை என்று வரிசை நீளும். 1957-இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் தொடங்கிய தியாகராசர் கல்லூரி உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மகளின் மதிப்பெண்ணுக்கு அங்கே இ.சி.இ. கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டும் இருக்கும். பல்கலைக்கழக வளாகங்களிலும் சில துறைகளில் சுயநிதி இடங்கள் உள்ளன. கட்டணம் வேறுபடும் என்பதால் துறைக் குறியீட்டைக் கவனித்துக் குறியுங்கள்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மின்னணுவியலில் உண்மையான ஈடுபாடு உள்ள பிள்ளையைக் கிண்டி என்ற பெயருக்காகச் சுரங்கவியலில் சேர்ப்பதைவிடத் தியாகராசரில் இ.சி.இ. சேர்ப்பதையே நான் விரும்புவேன். இன்னும் எதிலும் தனி விருப்பம் உருவாகாத பிள்ளை என்றால், வளாகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அங்கே உடன் படிக்கும் மாணவர்களே பெரிய கல்வி.

தமிழ்வழி சிவில் பற்றிய கேள்வி எனக்கு நெருக்கமானது. 2010-இல் கிண்டியிலும் உறுப்புக் கல்லூரிகளிலும் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. இந்த இடங்கள் ஆங்கிலவழி இடங்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் முடிகின்றன, 194.5-க்கு எளிதாகவே கிடைக்கும். வளாகமும் ஆய்வகங்களும் ஒன்றே. அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காட்டு முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பட்டம் மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். உங்கள் மகள் அந்த நிபந்தனையை ஏற்கெனவே நிறைவுசெய்திருக்கிறார். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை போன்றவற்றில் உதவிப் பொறியாளராக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நேரான வழி வேறில்லை. பிழைப்புக்கு வழியிருக்காது என்ற பேச்சு முழுத் தவறு. ஆனால் தனியார் நிறுவன வேலையும் மேற்படிப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் சேர்ந்தாலும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்துக்கொண்டே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிவில் என்ற பாடத்தின் மீது விருப்பம் இருந்தால்தான் அதை எடுக்க வேண்டும். எளிதாகக் கிடைக்கிறது என்பது மட்டும் காரணமாகக் கூடாது. ஆங்கிலவழித் துறையில் சேர்ந்தால் திணறிவிடுவாளோ என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் கேட்டது பாதி புரியாமல் இரவில் புத்தகத்தோடு போராடிய நாட்கள் எனக்கும் உண்டு. இரண்டாம் பருவத்தில் அது வெகுவாகக் குறைந்தது. கணிதத்தில் 98 வாங்கிய பிள்ளைக்கு மொழி தற்காலிகத் தடைதான்.

இறுதியாக விருப்பப் பட்டியல். நிறையப் போட்டால் வாய்ப்பு குறையும் என்பது தவறு. ஒதுக்கீடு நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இது உடனே விளங்கும். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று கணினி பார்க்கிறது. இருந்தால் தருகிறது, இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கிறது, அப்படியே கீழே இறங்குகிறது. உங்கள் மகளின் முறை வரும்போது கிண்டி இ.சி.இ. தீர்ந்துபோயிருந்தால் அதை முதலில் எழுதியதற்காக எந்த இழப்பும் இல்லை. அடுத்த நொடியே இரண்டாவது விருப்பம் பார்க்கப்படும், இடையில் வேறு யாரும் நுழைய முடியாது. ஆகவே கிடைக்காது என்று நானே சொன்ன கிண்டி இ.சி.இ.யையும் தாராளமாக முதலில் எழுதுங்கள்.

உண்மையான ஆபத்து இதற்கு நேர்மாறானது. "உறுதியாகக் கிடைப்பதை முதலில் போடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அவனுடைய தரவரிசைக்கு எம்.ஐ.டி.யில் அவன் விரும்பிய துறையே கிடைத்திருக்கும். அதை அவன் ஐந்தாவதாக எழுதியிருந்தான். கணினி முதல் விருப்பத்தைப் பார்த்தது, இடம் இருந்தது, தந்துவிட்டது. இடம் ஒதுக்கப்பட்ட பின்னர் "ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருக்கிறேன்" என்று தெரிவிக்கும் வசதி இருக்கிறதே என்று அவன் நம்பியிருந்தான். அந்த மேல்நகர்வு நாம் எழுதிய பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டுந்தான். முதல் இடத்துக்கு மேலே எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்த தோற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: பட்டியலின் வரிசை உங்கள் மகளின் விருப்ப வரிசையாக மட்டுமே இருக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி உறுதியாகக் கிடைக்கும் துறைகளும் பட்டியலின் அடிப்பகுதியில் போதுமான அளவு இருக்கட்டும். சேர மனமில்லாத ஒன்றை மட்டும் எழுத வேண்டாம்.

உங்கள் மகளின் தரவரிசைக்கு முதல் சுற்றிலேயே அழைப்பு வரும். விருப்பங்களைப் பதிவுசெய்யவும், தற்காலிக ஒதுக்கீட்டை உறுதிசெய்யவும் தரப்படும் நாட்கள் மிகச் சில. பதிவேற்றிய பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அச்செடுத்து, கல்லூரிக் குறியீட்டையும் துறைக் குறியீட்டையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருப்பதா, விட்டுவிடுவதா என்ற தெரிவைக் குறித்த நேரத்துக்குள் பதிவுசெய்யுங்கள். மேல்நகர்வைத் தேர்ந்தெடுத்தால் உதவி மையத்தில் கட்டணத்தையும் காலத்தில் செலுத்த வேண்டும். ஊரில் மின்சாரமோ இணைய வசதியோ தடைப்படலாம் என்பதால் கடைசி நாள் மாலைவரை தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பகுதி உதவி மையம் எங்கே இருக்கிறது என்பதை இந்த வாரமே ஒருமுறை போய்ப் பார்த்து வந்துவிடுங்கள். தரவரிசை வெளியானதும் பிரிவுத் தரவரிசை எண்ணை எனக்கு எழுதுங்கள். நீங்கள் போட்ட கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.